ஹாரோ கவுன்சில்: 28 இடம் ஒருமுறை எதிர்க்கட்சி, மறுமுறை ஆட்சி. இந்தக் கணக்கு எப்படி?

ரேனர்ஸ்லேன் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் உள்ளூர் கவுன்சில் தேர்தல் பற்றி, தமிழ் மட்டும் வாசிக்கும் பெரியவர்களுக்காக நாலு பக்கக் கையேடு ஒன்று எழுதுகிறேன். லண்டனில் உள்ள ஹாரோவை உதாரணமாக வைத்திருக்கிறேன். எழுத எழுதத்தான் எத்தனை இடத்தில் தெளிவில்லை என்று தெரிகிறது.

முதலாவது, 2018-ல் லேபர் 35, கன்சர்வேட்டிவ் 28. 2022-ல் கன்சர்வேட்டிவ் 31, லேபர் 24. கன்சர்வேட்டிவுக்குக் கூடியது மூன்றே இடம். அதற்கே ஆட்சி மாறிவிடுமா? கூட்டிப் பார்த்தால் முதல் தேர்தலில் 63, அடுத்ததில் 55 வருகிறது. எங்கே பிசகு?

இரண்டாவது, யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் தலைவரை யார் தீர்மானிப்பது? நம் ஊரில் ஆளுநர் அழைப்பதுபோல் ஏதாவது உண்டா? அதிக இடம் பிடித்த கட்சிக்கு முதல் உரிமை உண்டா?

மூன்றாவது, தயா இடைக்காடர் ஹாரோ கவுன்சில் தலைவராக இருந்த காலத்தில் தேர்தலே இல்லாமல் ஆட்சி கைமாறியது என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். கட்சித் தாவலுக்கு இங்கே தடையே கிடையாதா?

அச்சில் போகப் போகிற விஷயம். உறுதியாகத் தெரிந்ததை மட்டும், எண்களோடு சொன்னால் பெரிய உதவி.

எண்ணும்மேசை:

உங்கள் கூட்டலில் பிசகே இல்லை. கேள்விக்கு விடையே அந்த இரண்டு கூட்டுத்தொகைதான்.

2018 வரை ஹாரோவுக்கு 63 உறுப்பினர்கள். 2022 தேர்தலுக்கு முன் எல்லை ஆணையம் வார்டுகளைத் திருத்தி வரைந்தது. இப்போது 22 வார்டு. அதில் 11 வார்டுக்கு மூன்று பேர், 11 வார்டுக்கு இரண்டு பேர், மொத்தம் 55. பெரும்பான்மைக்குத் தேவையான எண் 32-லிருந்து 28-க்கு இறங்கிவிட்டது. 2018-ல் 28 பேரோடு எதிர்வரிசையில் இருந்த கட்சிக்கு, 2022-லும் அதே 28 கிடைத்திருந்தாலே ஆட்சி வந்திருக்கும். கிடைத்தது 31. அதனால் கையேட்டில் இடங்களை இடங்களோடு ஒப்பிடாதீர்கள். பங்கைப் போடுங்கள்: கன்சர்வேட்டிவ் 44%-லிருந்து 56%, லேபர் 56%-லிருந்து 44%. உண்மையான மாற்றம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்து, இந்த முறையில் ஓட்டு கொஞ்சம் நகர்ந்தாலே இடங்கள் ஏராளமாக நகரும். மூன்று பேர் வார்டில் ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டு. அதிகம் வாங்கிய முதல் மூன்று பேர் ஜெயிப்பார்கள். விகிதாசாரம் கிடையாது, இரண்டாம் சுற்றும் கிடையாது. பெரும்பாலோர் மூன்று ஓட்டையும் ஒரே கட்சிக்குப் போடுவதால், நூறு ஓட்டு முன்னால் நிற்கிற கட்சி மூன்று இடத்தையும் அள்ளிக்கொண்டு போகும். இரண்டாவதாக வந்த கட்சிக்கு நாற்பது சதவீதம் இருந்தாலும் அந்த வார்டில் பூஜ்யம்தான். அப்படி இழுபறியான நாலைந்து வார்டு சாய்ந்தால் கவுன்சிலே சாய்ந்துவிடும்.

எதிரணி ஓட்டு சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மே மாத கென்ட் கவுண்டி தேர்தலைப் பாருங்கள். சுமார் 37% ஓட்டில் ரிஃபார்ம் கட்சி 81-ல் 57 இடம் பிடித்தது. 2021-ல் அங்கே 62 இடம் வென்றிருந்த கன்சர்வேட்டிவ் 5-க்கு இறங்கியது. லண்டனிலும் உதாரணம் உண்டு. 2022-ல் லூயிஷம் கவுன்சிலின் 54 இடமும் லேபருக்கே போனது. ரிச்மண்டில் லிபரல் டெமாக்ரட் 48, பசுமைக் கட்சி 5, கன்சர்வேட்டிவ் ஒன்றே ஒன்று. இப்படி அமைந்தால் கேள்வி கேட்க ஆளில்லாமல் போகிறது. இந்த முறையின் பெரிய குறை அதுதான் என்பது என் கருத்து.

எண்ணும் இடத்தைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள், பெரியவர்கள் கேட்பார்கள். முதலில் பெட்டியில் இருக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை, சாவடி அலுவலர் எழுதிக் கொடுத்த கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார்கள். பிறகு சீட்டுகளை இரண்டாகப் பிரிப்பார்கள். மூன்று ஓட்டும் ஒரே கட்சிக்குப் போன சீட்டுகள் கட்டுக்கட்டாகப் போகும், அவற்றை எண்ணுவது வேகம். ஒன்று இங்கே, இரண்டு அங்கே என்று கலந்து போட்டவைதான் நேரம் எடுக்கும். அவற்றை ஒரு பெரிய தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக, பெருக்கல் குறி விழுந்த ஓரம் மட்டும் தெரியும்படி வரிசையாக ஒட்டி, வேட்பாளர் வாரியாகக் குறுக்கே எண்ணுவார்கள். தவறு நடந்தால் பெரும்பாலும் இந்தத் தாள்களில்தான், கூட்டும்போதோ வரி மாறும்போதோ நடக்கும். ஒரே கட்சியின் மூன்று வேட்பாளருக்கும் இடையே வழக்கத்துக்கு மாறான வித்தியாசம் தெரிந்தால், அனுபவமுள்ள கட்சி முகவர் முதலில் அந்தத் தாளைத்தான் திரும்பப் பார்க்கச் சொல்வார். மூன்று இடமுள்ள வார்டில் முதலிடத்துக்குச் சண்டை இல்லை. மூன்றாவதாக வந்தவருக்கும் நாலாவதாக வந்தவருக்கும் நடுவில்தான் மறு எண்ணிக்கை. இருவரும் சமம் என்றால் தேர்தல் அலுவலர் சீட்டுக் குலுக்கிப் போடுவார். அதுவே இறுதி.

சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் வரும். ஒரே கட்சியின் மூவரில் கீழே இருப்பவருக்கு ஓட்டு கொஞ்சம் குறைவது வழக்கம். வாக்காளர்கள் மேலிருந்து இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: ஹாரோ மாதிரியே எல்லா ஊரும் என்று எழுதிவிடாதீர்கள். லண்டன் பரோக்கள் (ஹாரோ போன்ற உள்ளூர் ஆட்சிப் பகுதிகள்) முழுவதற்கும் நாலு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே நாளில் தேர்தல். மான்செஸ்டரில் 32 வார்டு, 96 உறுப்பினர். வழக்கமான தேர்தல் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 32 இடத்துக்கு மட்டும்தான் போட்டி. பெரும்பான்மைக்கு 49 வேண்டும். அந்த ஆண்டு எல்லா இடத்தையும் ஒரு புதிய கட்சி வென்றால்கூட ஆட்சி கிடைக்காது.

சபைக்குறிப்பு:

இரண்டாவது, மூன்றாவது கேள்விக்கு நான் எழுதுகிறேன்.

ஆளுநர் மாதிரி ஒருவரும் இல்லை. அதிக இடம் பிடித்த கட்சிக்கு முதல் உரிமை என்றும் சட்டத்தில் இல்லை. தலைவரைத் தேர்ந்தெடுப்பது முழுச் சபை, அதுவும் வாக்கெடுப்பில். தேர்தல் நாளிலிருந்து நாலாவது நாள் பழைய உறுப்பினர்கள் விலகி புதியவர்கள் பொறுப்புக்கு வருகிறார்கள். ஒவ்வொருவரும் பதவி ஏற்பு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். இரண்டு மாதத்துக்குள் இடாவிட்டால் இடம் காலி. பழையவர்கள் விலகிய நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆண்டுக் கூட்டம் நடக்க வேண்டும். தேர்தலுக்கும் இந்தக் கூட்டத்துக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் எல்லாப் பேச்சுவார்த்தையும்.

ஆண்டுக் கூட்டத்தின் முதல் வேலை, சபைக்குத் தலைமை தாங்கும் மேயரைத் தெரிவது. சங்கிலி அணிந்து விழாக்களுக்குப் போகும் அந்த மேயரைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் நிர்வாகத்தை நடத்தும் கவுன்சில் தலைவர். இந்த வரிசை முக்கியம். சபை இரண்டு சம பாதியாகப் பிரிந்தால், வெளியேறும் மேயர் கூட்டத்தை நடத்துவார், தீர்மானிக்கும் வாக்கு அவருடையது. அவர் இந்தத் தேர்தலில் தோற்றிருந்தாலும், போட்டியிடாமல் இருந்திருந்தாலும் புதிய மேயர் தெரிவாகும்வரை நாற்காலியில் அவர்தான். அப்படிப்பட்டவருக்குச் சாதாரண வாக்கு இல்லை, ஆனால் சமநிலை வந்தால் தீர்மானிக்கும் வாக்கு உண்டு. அந்த ஒரு வாக்கில் அவர் கட்சிக்காரர் மேயரானால், அடுத்து கவுன்சில் தலைவர் தெரிவிலும் சமநிலை வரும்போது புதிய மேயரின் வாக்கு அதே பக்கம் விழும். ஆகவே 58 பேர் கொண்ட வான்ட்ஸ்வர்த்தில் 29க்கு 29 என்று வந்தால் முடிவு வெளியேறும் மேயரின் கையில். இரட்டைப்படை எண்ணிக்கை உள்ள கவுன்சிலில் இதைக் கட்டாயம் விளக்க வேண்டும்.

பெரும்பான்மை இல்லாத சபையில் தலைவராக மொத்தத்தில் பாதிக்கு மேல் தேவையில்லை. அன்று வந்து வாக்களிப்பவர்களில் ஆதரவு, எதிர்ப்பைவிடக் கூடுதலாக இருந்தால் போதும். அதனால் வாக்களிக்காமல் இருப்பதே ஒரு கட்சி மற்றக் கட்சிக்குத் தரும் ஆதரவாகிவிடுகிறது. 2025-ல் கார்ன்வாலில் ரிஃபார்ம் 28 இடத்தோடு முதலிடம். லிபரல் டெமாக்ரட் 26, சுயேச்சைகள் 16. மொத்தம் 87, பெரும்பான்மைக்கு 44. ரிஃபார்மோடு கைகோக்கப் போதிய ஆட்கள் முன்வரவில்லை. லிபரல் டெமாக்ரட்டும் சுயேச்சைகளும் சேர்ந்து நிர்வாகம் அமைத்தார்கள், லீ ஃப்ராஸ்ட் தலைவரானார். இருவரையும் கூட்டினாலும் 42தான், பெரும்பான்மை இல்லை. அதே நாள் தேர்தல் நடந்த வாரிக்‌ஷயரில் 57-ல் 23 மட்டும் வைத்திருந்த ரிஃபார்ம் தனியாகச் சிறுபான்மை நிர்வாகம் அமைத்தது. பக்கிங்ஹாம்ஷயரில் கன்சர்வேட்டிவ் 97-ல் 48. ஒரே ஒரு இடம் குறைவு, ஆனாலும் நிர்வாகம் அவர்களிடமே நின்றது. மூன்று முடிவையும் பத்திரிகைகள் ஒரே பெயரில், யாருக்கும் கட்டுப்பாடு இல்லாத கவுன்சில் என்றுதான் போட்டன. உள்ளே மூன்றும் முற்றிலும் வேறு.

இப்போது ஹாரோ 2013. 2010-ல் தொழிற்கட்சி (லேபர்) 63-ல் 34 இடம் வென்று ஆட்சியில் இருந்தது. தயா இடைக்காடர் கவுன்சில் தலைவர். 2013 மே மாதம் கட்சிக் குழு அவருக்குப் பதிலாக டேவிட் பெரியைக் குழுத் தலைவராகத் தெரிந்தது. இடைக்காடரும் ஆதரவாளர்களும் பிரிந்து சுயேச்சைத் தொழிற்கட்சிக் குழு அமைத்தார்கள். 34-க்கும் 32-க்கும் இடையில் இரண்டே இடம்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். பிரிவு வந்த அன்றே பெரும்பான்மை போய்விட்டது. சிறிய குழுவை வைத்துக்கொண்டே இடைக்காடர் சில மாதங்கள் தலைவராக நீடித்தார். அது கன்சர்வேட்டிவ் தயவில்தான் முடிந்தது. செப்டம்பரில் அதே கன்சர்வேட்டிவ் கட்சியின் சூசன் ஹால் தலைவரானார். 2014 மே தேர்தலில் தொழிற்கட்சி மறுபடி 34 இடம் வென்றது, டேவிட் பெரி தலைவரானார். பொதுத் தேர்தல் ஒன்றுமில்லாமல் 2013-ல் மட்டும் நிர்வாகம் இரண்டுமுறை கைமாறிவிட்டது.

இந்தியாவில் இருப்பதுபோன்ற கட்சித் தாவல் தடைச் சட்டம் இங்கே இல்லை. கொறடா உத்தரவை மீறினால் கட்சி தன் குழுவிலிருந்து நீக்கலாம், அவ்வளவுதான். உறுப்பினர் பதவி அவருடையது. அவர் இராஜினாமா செய்தாலோ, இறந்தாலோ, தகுதி இழந்தாலோ, ஆறு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராமல் அனுமதியும் பெறாமல் இருந்தாலோதான் இடம் காலியாகும். காலியான பின் அந்த ஊர் வாக்காளர் இருவர் எழுத்தில் கேட்டால் 35 வேலை நாளுக்குள் இடைத்தேர்தல். அடுத்த பொதுத் தேர்தலுக்கு ஆறு மாதத்துக்குள் காலியானால் இடைத்தேர்தல் வைப்பதில்லை.

தலைவரை நீக்க சபையின் ஒரு சாதாரணத் தீர்மானம் போதும். மேயர் கூட்டம் கூட்ட மறுத்தாலும், ஐந்து உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டு ஏழு நாள் கழிந்தால் அவர்களே அசாதாரணக் கூட்டம் கூட்டலாம்.

இன்னொன்று அடிக்கடி விடுபடும். திட்ட அனுமதி போன்ற குழுக்களின் இடங்களை 1989 சட்டப்படி கட்சி விகிதத்தில் பிரிக்க வேண்டும். இதற்கு அரசியல் குழு என்றால் குறைந்தது இருவர். தனியாக விலகி நிற்கும் ஒருவருக்கு அந்த உரிமை இல்லை. அதனால்தான் கட்சியிலிருந்து வெளியேறுபவர்கள் உடனே இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு குழுவாகப் பதிவு செய்கிறார்கள். அமைச்சரவைக்கு இந்த விகிதம் பொருந்தாது. தலைவரையும் சேர்த்து அதிகபட்சம் பத்துப் பேர், தலைவர் விரும்பினால் அனைவரும் ஒரே கட்சி.

க்ரொய்டன் போன்ற இடத்துக்கு மேலே சொன்னது பாதி பொருந்தாது. அங்கே மேயரை மக்களே நேரடியாகத் தெரிகிறார்கள். 2022-ல் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜேசன் பெரி மேயரானார். சபையில் தொழிற்கட்சி 34, கன்சர்வேட்டிவ் 33, பசுமை 2, லிபரல் டெமாக்ரட் 1. சபையால் மேயரை நீக்க முடியாது. அவருடைய பட்ஜெட்டைத் தன் விருப்பப்படி திருத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

ரேனர்ஸ்லேன்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 63-க்கும் 55-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தச் செய்தியிலும் இப்படி எடுத்துச் சொல்லிப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. மே மாதம் ஆட்சி மாறினால் கவுன்சில் வரி, பார்க்கிங் கட்டணம் இதெல்லாம் எப்போது மாறும்? பெரியவர்கள் ஓட்டுப் போடும்போது எங்கே தவறு செய்கிறார்கள், குறிப்பாகத் தபால் ஓட்டில்?

வரிக்கணக்கு:

முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. மே மாதம் வரும் புதிய நிர்வாகம் பழைய நிர்வாகம் நிறைவேற்றிய பட்ஜெட்டில்தான் அடுத்த மார்ச் 31 வரை ஓடும். புதியவர்களின் முதல் வரி விகிதம் அடுத்த பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ சபைக்கு வரும். சட்டப்படி கெடு மார்ச் 11. முதியோர் பராமரிப்புப் பொறுப்புள்ள கவுன்சில்கள் மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் உயர்த்தக்கூடிய வரம்பு அண்மை ஆண்டுகளில் 4.99%. அதில் 2.99 பொது, 2 முதியோர் பராமரிப்புக்கு. பில்லில் லண்டன் மேயருக்குப் போகும் பங்கு தனி வரியாக இருக்கும். அதை உங்கள் கவுன்சில் தீர்மானிப்பதில்லை.

செலவில் பெரும்பகுதி முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு, வீடற்றோருக்கான தற்காலிகத் தங்குமிடம். இவை சட்டக் கடமைகள், எந்தக் கட்சி வந்தாலும் வெட்ட முடியாது. கட்சிகள் மோதிக்கொள்வது மீதியிருக்கும் சிறு பங்கில்தான். க்ரொய்டன் இதற்குச் சாட்சி. 2020 நவம்பரில் லேபர் நிர்வாகத்தின்கீழ் 114-ஆம் பிரிவு அறிவிப்பு வந்தது. புதிய செலவுகளை நிறுத்தச் சொல்லி நிதி அதிகாரி கொடுக்கும் அறிவிப்பு அது. 2022 மே மாதம் கன்சர்வேட்டிவ் மேயர் வந்தார். அதே ஆண்டு நவம்பரில் மறுபடி ஓர் அறிவிப்பு. 2023 ஏப்ரலில், அரசின் சிறப்பு அனுமதியோடு, வரி 14.99% ஏறியது. ஆட்சி மாறினாலும் கடன் அங்கேயே நிற்கும் என்பதைக் கையேட்டில் தயங்காமல் எழுதுங்கள்.

பார்க்கிங் கொஞ்சம் சீக்கிரம் மாறலாம், ஆனால் மறுநாளே அல்ல. அமைச்சரவையின் முக்கிய முடிவு எதற்கும் 28 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முடிவெடுத்த பிறகு மற்ற உறுப்பினர்கள் அதை மறுபரிசீலனைக்கு இழுக்கலாம். தெருவில் கட்டுப்பாட்டு நேரமோ மண்டலமோ மாற்ற வேண்டுமானால் போக்குவரத்து ஆணை போட்டு, 21 நாள் ஆட்சேபம் கேட்க வேண்டும். எல்லாம் சுமுகமாகப் போனாலும் சில மாதம் பிடிக்கும். வீட்டுத் திட்ட அனுமதி விண்ணப்பம் ஏற்கெனவே உள்ளே இருந்தால் ஆட்சி மாற்றம் அதைத் தொடாது. திட்ட அனுமதிக் குழுவினர் கட்சி உத்தரவுப்படி வாக்களிக்கக் கூடாது.

நூலிழைப் பெரும்பான்மை உள்ள சபையில் பட்ஜெட் இரவு வேறு மாதிரி இருக்கும். 2014-ல் பார்னெட்டில் கன்சர்வேட்டிவ் 32, லேபர் 30, லிபரல் டெமாக்ரட் 1. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே எண்ணிக்கை ஆடும். கோவிட் காலத்தில் காணொளியில் கூட அனுமதித்த விதி 2021 மே மாதத் தொடக்கத்தில் முடிந்தது. அதன்பின் நேரில் வந்தால்தான் வாக்கு, பதிலாள் கிடையாது. தன் சொந்தக் கவுன்சில் வரியில் இரண்டு மாதம் பாக்கி வைத்த உறுப்பினர் அதைச் சபையில் அறிவிக்க வேண்டும். பட்ஜெட்டில் வாக்களிக்கவும் கூடாது. மீறினால் குற்றம். 2014 முதல் பட்ஜெட் வாக்கெடுப்பைப் பெயர் வாரியாகப் பதிவு செய்வது கட்டாயம். உங்கள் வார்டு உறுப்பினர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று கூட்டக் குறிப்பில் யாரும் பார்க்கலாம். பெரியவர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

சாவடிக்காரர்:

ஓட்டுப் போடுவதில் நடக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன். ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு ஓட்டு வீணாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காது.

பதிவு: இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள். இங்கே தங்க அனுமதி இருந்தால் பிரித்தானியக் குடியுரிமை இல்லாமலேயே வாக்களிக்கலாம். இது தெரியாமலே பல ஆண்டுகளாக ஓட்டுப் போடாதவர்கள் நம்மில் ஏராளம். தேர்தலுக்கு 12 வேலை நாள் முன் நள்ளிரவுக்குள் பதிய வேண்டும். வேட்பாளராக நிற்க வேண்டுமானால் நிரந்தர வதிவிட உரிமையும் அந்த ஊரோடு சட்டம் கேட்கும் தொடர்பும் வேண்டும். முன்மொழியவும் வழிமொழியவும் இரண்டு வாக்காளர் போதும், கட்டுத்தொகை கிடையாது.

அடையாள அட்டை: 2023 மே முதல் கட்டாயம். இந்தியப் பாஸ்போர்ட்டும் இலங்கைப் பாஸ்போர்ட்டும் செல்லும். காலாவதியானதும் செல்லும், முகம் உங்களுடையது என்று தெரிந்தால் போதும். முதியோர் பஸ் பாஸ், ஃப்ரீடம் பாஸ், 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான ஆய்ஸ்டர் அட்டை செல்லும். இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லாது. ஒன்றும் இல்லாதவர்கள் இலவச வாக்காளர் சான்றிதழுக்குத் தேர்தலுக்கு 6 வேலை நாள் முன் மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம்மவர்களுக்கு வரும் தனிச் சிக்கல் பெயர். பட்டியலில் சொந்தப் பெயரும் இன்ஷியலும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுவதுமாக, வரிசையும் தலைகீழாக இருக்கும். சின்ன வித்தியாசத்தை அலுவலர் ஏற்கலாம், பெரிய வித்தியாசத்துக்கு ஆவணம் கேட்பார். பட்டியலில் உள்ள பெயரை முன்கூட்டியே பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்துத் திருத்திவிடுவது நல்லது.

சீட்டு: பெருக்கல் குறி மட்டும் போடுங்கள். எத்தனை பேருக்குப் போடலாம் என்று சீட்டின் தலைப்பிலேயே இருக்கும். குறைவாகப் போட்டால் செல்லும், ஒன்று கூடினால் முழுச் சீட்டும் போச்சு. இலங்கைப் பழக்கத்தில் 1, 2, 3 என்று விருப்பு எண் எழுதுபவர்கள் உண்டு. அது சந்தேகச் சீட்டாகத் தேர்தல் அலுவலர் மேசைக்குப் போகும். பெயரோ கையெழுத்தோ எழுதினால், ஆளை அடையாளம் காட்டுகிறது என்று நிராகரிப்பார்கள்.

தபால் ஓட்டு: உறை இரண்டு. சீட்டு ஏ உறைக்குள், ஏ உறையும் பிறந்த தேதி, கையெழுத்து உள்ள படிவமும் சேர்ந்து பி உறைக்குள். பிறந்த தேதிக் கட்டத்தில் அன்றைய தேதியை எழுதிவிடுவது பெரிய தவறு. கையெழுத்து விண்ணப்பத்தில் போட்டதோடு பொருந்த வேண்டும். விண்ணப்பத்தில் தமிழில் போட்டிருந்தால் இங்கேயும் தமிழில்தான். வீட்டில் நாலு பேருக்கு வந்தால் ஒரே மேசையில் ஒன்றாகப் பிரிக்காதீர்கள். அப்பாவின் சீட்டு அம்மாவின் உறைக்குள் போனால் எண் பொருந்தாது. ஒருவர் முடித்து ஒட்டிய பிறகு அடுத்தவரைத் தொடங்கச் சொல்லுங்கள்.

தபாலில் போடத் தாமதமாகிவிட்டால் தேர்தல் நாளில் சாவடியில் கொடுக்கலாம். தன்னுடையதோடு மற்றவர்களுடையது ஐந்து வரை கொண்டுபோகலாம், அங்கே தரும் படிவத்தை நிரப்பித்தான் கொடுக்க வேண்டும். கவுன்சில் அலுவலகத்தின் தபால்பெட்டியில் சும்மா போட்டுவிட்டு வந்தால் எண்ண மாட்டார்கள். கட்சிக்குப் பிரச்சாரம் செய்பவர் அடுத்த வீட்டுப் பாட்டியின் தபால் ஓட்டை வாங்கிப் போவது குற்றம். நெருங்கிய உறவினர் அல்லது பராமரிப்பாளர் என்றால் மட்டும் விலக்கு. வாசிக்க இயலாதவர், பார்வை குறைந்தவர், உடல் இயலாதவர் சாவடிக்கு 18 வயது நிறைந்த துணை ஒருவரை அழைத்துப் போகலாம், சாவடித் தலைமை அலுவலரிடமும் உதவி கேட்கலாம்.

எண்ணும்மேசை:

கையேட்டின் கடைசிப் பக்கத்துக்கு, நம்மவர்கள் அதிகம் வசிக்கும் பரோக்களின் பெரும்பான்மை எண்ணை 2022 எல்லைகளின்படி தருகிறேன். ஹாரோ 55-ல் 28. ப்ரென்ட் 57-ல் 29. ஈலிங் 70-ல் 36. பார்னெட், ரெட்பிரிட்ஜ் இரண்டும் 63-ல் 32. மெர்ட்டன் 57-ல் 29. கிங்ஸ்டன் 48-ல் 25. ஹில்லிங்டன் 53-ல் 27. நியூஹாம் 66-ல் 34, க்ரொய்டன் 70-ல் 36. கடைசி இரண்டுக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, மேயருக்கு இங்கே தனி வாக்குச்சீட்டு என்று எழுதிவிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் அந்தந்தக் கவுன்சில் பக்கத்தில் மொத்த இடங்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்லை ஆணையம் மறுபடி வரைந்தால் எண் மாறும்.